நெஞ்சைத் திறக்கும் பேராசிரியர்: குடியாத்தத்துத் தம்பிக்கு ஒரு பதில்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெரியப்பாவுக்கு 61 வயது, நாற்பது வருஷப் பீடிப் பழக்கம். வலது நுரையீரலின் மேல் பக்கத்தில் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு கட்டி. உள்ளூர் டாக்டர் வேலூரில் ஒரு போதனை மருத்துவமனையின் நெஞ்சக அறுவைப் பேராசிரியரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டார். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "பேராசிரியர்னா பாடம் நடத்துறவர்தானே, ஆபரேஷனைப் படிக்கிற பசங்கதானே பண்ணுவாங்க?" என்கிறார் பெரியம்மா. போர்டில் இதய அறுவை என்று எழுதியிருக்கிறதே, நுரையீரலுக்கு ஏன் அங்கே போகவேண்டும் என்பது தம்பியின் சந்தேகம். அப்படிப்பட்ட டாக்டர் என்ன படித்து, எப்படி அந்த இடத்துக்கு வருகிறார், அவருடைய திறமை உண்மையில் எதில் இருக்கிறது, அதை நாம் எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் கேள்வி.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் அறுவை நிபுணன் இல்லை. மயக்க மருத்துவன். இந்த வட்டாரத்தில் முப்பது வருஷம் நெஞ்சு ஆபரேஷன்களுக்கு நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்தவன். நடுவில் ஒரு பச்சைத் துணித் திரை இருக்கும். அந்தப் பக்கம் சர்ஜன், இந்தப் பக்கம் நான். சர்ஜனைப் பற்றி நோயாளி அறிவதும் சக சர்ஜன் அறிவதும் வேறு. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்குத் தெரிவது இன்னொரு வகை. அவர் எப்போது பேச்சை நிறுத்துகிறார், எப்போது காத்திருக்கிறார், எப்போது "போதும், மூடிடலாம்" என்கிறார் என்பதெல்லாம் எங்களுக்குத்தான் தெரியும்.

போர்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நம் நாட்டில் இதயம், நுரையீரல், பெரிய ரத்தக்குழாய் மூன்றும் பெரும்பாலும் ஒரே துறை. அதற்குக் காரணம் வரலாறு. அந்த வரலாற்றில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1948-ல் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க நெஞ்சக சர்ஜன் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு, அதாவது சிஎம்சிக்கு வந்து, இந்தியாவில் இதற்கென்று ஒரு துறையைத் தொடங்கினார். அப்போது இந்தத் துறைக்கு முதல் வேலை இதயம் இல்லை, டிபி. மருந்து சரியாகக் கைக்கு வராத காலம். நுரையீரலில் ஓட்டை விழுந்தால், அந்தப் பக்கத்து விலா எலும்புகள் சிலவற்றை எடுத்து நெஞ்சுக்கூட்டையே சரியவிட்டு ஓட்டையை அமுக்கி மூடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தோள் மட்டும் கீழே இறங்கி, சட்டை ஒரு பக்கம் தொளதொளவென்று தொங்க ஓபிக்கு வரும் வயதானவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களெல்லாம் அந்தக் காலத்து ஆபரேஷனின் மிச்சம்.

சென்னை மின்சார ரயிலில் போகும்போது தாம்பரத்தை ஒட்டி "சானடோரியம்" என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அதுவும் அந்தக் காலத்துப் பெயர்தான். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து அங்கே காசநோய் விடுதியைத் தொடங்கினார். நம் பக்கத்து மதனப்பள்ளியை ஒட்டிய ஆரோக்கியவரம் அதற்கும் முன்னால், 1915-லேயே வந்துவிட்டது. நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு, மாதக்கணக்கில் படுக்கை. அப்புறம் 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் ஒரு சோதனை நடத்தி, வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டாலும் விடுதியில் படுத்திருப்பவருக்குச் சமமாகக் குணமாகிறது என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது. அதோடு விடுதிகளும் காலியாயின, நெஞ்சு சர்ஜன்களின் டிபி வேலையும் குறைந்தது. அதே சமயம் இதயம் திறக்க வழி பிறந்தது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை 1961-ல் தன்னிடம் நடந்தது என்று சிஎம்சி தன் வரலாற்றில் பதிந்திருக்கிறது. கை வைத்தவர் டாக்டர் கோபிநாத். கெட்டிக்கார இளைஞர்கள் எல்லாரும் இதயத்தின் பக்கம் போனார்கள். பணமும் பேரும் அங்கேதான் இருந்தது. நுரையீரல் அந்தத் துறையின் மூத்தாள் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கும்.

இப்போது நிலைமை மறுபடி மாறுகிறது. நுரையீரல் புற்றுநோய் கூடுகிறது. மருந்துக்கு அடங்காத டிபி வருகிறது. குணமான டிபி விட்டுப்போன ஓட்டைகளில் பூஞ்சை உருண்டை வளர்ந்து ரத்தம் கக்குபவர்கள் வருகிறார்கள். ஆகவே தம்பி, போர்டில் இதயம் என்று இருப்பதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே தீரவேண்டும். இவர் வாரத்தில் எத்தனை நுரையீரல் ஆபரேஷன் செய்கிறார்? பைபாஸ் மட்டுமே செய்துகொண்டு, மாதத்துக்கு ஒரு நுரையீரலைத் தொடுகிறவரும் உண்டு. நுரையீரலையே தொழிலாக வைத்திருப்பவரும் உண்டு. இரண்டு பேருக்கும் பட்டம் ஒன்றுதான்.

அந்தப் பட்டத்துக்கு எவ்வளவு காலம் ஆகும் தெரியுமா? பயிற்சி வருஷத்தோடு சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், எம்.எஸ். பொது அறுவை மூன்று, அதற்கு மேல் இதய நெஞ்சக அறுவைக்கான எம்.சிஎச். இன்னும் மூன்று. எந்தத் தேர்விலும் ஒரு வருஷம்கூட நழுவாமல் போனால் பதினொன்றரை வருஷம். நடுவில் இரண்டு நுழைவுத் தேர்வு, சிலருக்கு மிஷன் ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒப்பந்தப் பணி. முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயதில் "சார், இப்பதான் படிப்பு முடிஞ்சுது" என்று சொல்லும் ஆள் உலகத்திலேயே இவர்தான். கூடப் படித்தவன் இன்ஜினியராகி, காட்பாடியில் வீடு கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பான். அதற்குப் பிறகு உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர். நுரையீரலில்தான் வாழ்வது என்று முடிவெடுத்தவர்கள் இதற்கு நடுவே ஒன்றிரண்டு வருஷம் வெளிநாட்டிலோ டெல்லி, மும்பை பக்கமோ போய், சிறு துளை வழியாக கேமரா விட்டுச் செய்யும் அறுவையைக் கற்று வருவார்கள்.

சரி, இத்தனை வருஷத்தில் அவர் கற்றது என்ன? வெட்டுவது என்று நினைப்பீர்கள். வெட்டுவதை ஆறு ஏழு வருஷத்தில் கை கற்றுக்கொள்ளும். மீதிக் காலமெல்லாம் ஒரு கணக்குக் கற்கப் போகிறது. எதை எடுக்கிறோம் என்பதைவிட, எடுத்த பிறகு இந்த மனிதனிடம் என்ன மிஞ்சும் என்ற கணக்கு. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமென்றால் அதை வையுங்கள்.

கணக்கைச் சொல்கிறேன், ரொம்ப எளிது. வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. ஒவ்வொரு மடலும் சின்னச் சின்னத் துண்டங்களாகப் பிரிந்திருக்கும். வலதில் மேல் மடலில் 3, நடுவில் 2, கீழே 5. இடதில் மேலே 5, கீழே 4. ஆக மொத்தம் 19. பெரியப்பாவை ஒரு குழாயில் முழு மூச்சாக ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் 1.9 லிட்டர் ஊதினார் என்று வையுங்கள். மேல் மடலை எடுத்தால் 19-ல் 3 போய் 16 மிச்சம், அதாவது 1.6 லிட்டர். கட்டி இடம் மாறி, வலது நுரையீரல் முழுதையும் எடுக்க வேண்டி வந்தால் மிஞ்சுவது 9 துண்டம், 0.9 லிட்டர். முதலாமவர் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதத்தில் நெல்லூர்ப்பேட்டை வரை நடந்து போய்க் காய்கறி வாங்கி வருவார். இரண்டாமவருக்குக் குளியலறைக்குப் போய்வருவதே வேலையாகிவிடக்கூடும். ஒரே நோய், ஒரே சர்ஜன், ஒரே கத்தி. கூடவே ரத்தத்துக்குள் காற்று எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் இன்னொரு சோதனையும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

இயந்திரம் வருவதற்கு முன்னாலேயே பழைய சர்ஜன்களிடம் ஒரு சோதனை இருந்தது. நோயாளியோடு தானும் படி ஏறுவார்கள். நிற்காமல் மூன்று கட்டம் ஏறினால் மடலை எடுக்கலாம், ஐந்து கட்டம் ஏறினால் ஒரு நுரையீரலையே எடுக்கலாம் என்பது கைக்கணக்கு. எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர், எல்லா ரிப்போர்ட்டும் கையில் இருந்தும் இதை விடமாட்டார். லிஃப்டைத் தாண்டிப் போய் "வாங்கய்யா, மேலே வார்டு வரைக்கும் பேசிக்கிட்டே போவோம்" என்பார். ஒருமுறை மேல்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "எனக்கு எதுக்குங்க டெஸ்ட்டு, போன ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை படி ஏறினவன் நான்" என்றார். பேராசிரியர் சிரிக்கவில்லை. "நடுவுல எத்தனை தடவை உக்காந்தீங்க?" என்று கேட்டார். பெரியவர் யோசித்துவிட்டு "நாலு" என்றார். "அதுக்கு முந்தின வருஷம்?" "உக்காரலைங்க." கேஸ் ஷீட்டில் அவர் எழுதியது அந்த இரண்டு பதிலையும்தான். எங்கள் இயந்திரம் சொன்னதும் கிட்டத்தட்ட அதுவேதான்.

அடுத்தது, இது உண்மையில் கட்டிதானா என்பது. மேலை நாட்டில் அறுபது வயதுப் பீடிக்காரர் நுரையீரலில் உருண்டை தெரிந்தால் புற்றுநோய் என்றே முதலில் நினைப்பார்கள். நம் ஊரில் அது டிபியாக இருக்கலாம், ஆறிப்போன டிபியின் தழும்பாக இருக்கலாம், பூஞ்சையாக இருக்கலாம். பெட் ஸ்கேன் என்று ஒன்று எடுப்பார்கள். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடம் பளிச்சென்று தெரியும். புற்றுநோயும் உறிஞ்சும், டிபியும் உறிஞ்சும். ஸ்கேனில் மின்னியதாலேயே புற்றுநோய் என்று நம் பக்கத்தில் யாரும் முடிவு கட்ட முடியாது. இதற்கு நேர்மாறான தப்பு இன்னும் கொடுமையானது. சளியில் கிருமி தெரியாமலே, படத்தைப் பார்த்து டிபி என்று மாத்திரை தொடங்கி, ஆறு மாதம் கழித்துக் கட்டி பெரிதாகி வரும்போதுதான் புற்றுநோய் என்று தெரிகிறது. இப்படி ஆறு மாதத்தை இழந்து வந்தவர்களை நான் விரல்விட்டு எண்ணமுடியாத அளவுக்குப் பார்த்திருக்கிறேன். உள்ளூர் டாக்டர் உங்களை நேரே சர்ஜனிடம் அனுப்பியிருக்கிறார் என்றால், அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்று சில சங்கதிகளும் உண்டு. வடாற்காடு என்று ஒன்றாக இருந்த காலத்திலிருந்தே இது பீடியும் தோலும் உள்ள பூமி. குடியாத்தம், வேலூர்ப் பக்கம் பீடி சுற்றுகிற வீடுகள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள். ராணிப்பேட்டையில் குரோமேட் கழிவு மலையாகக் கிடக்கும் கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கழிவில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் என்ற உலோக வகை நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியாக நிரூபணமான விஷயம். அதனால் இங்கே நல்ல நெஞ்சு சர்ஜன் முதல் கேள்வியாக "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்பார். பெரியப்பா பீடி குடித்ததை மட்டும் சொல்லிவிட்டு, இளம் வயதில் தோல் ஷாப்பில் வேலை பார்த்ததை விட்டுவிடப்போகிறார், கவனம். அப்புறம், இந்த ஊர் சர்ஜனுக்கு வங்காளி தெரியும், இந்தியும் தெரியும். காட்பாடியில் ரயிலிறங்கி வேலூர் காந்தி ரோடு லாட்ஜுகளில் தங்கும் வடநாட்டு நோயாளிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லவேண்டியதில்லை.

இனி என் பக்கத்துக் கதை. மூடிய நெஞ்சுக்குள் நுரையீரல் விரிந்து நிற்பதே, சுற்றியுள்ள வெளியில் அழுத்தம் குறைவாக இருப்பதால்தான். நெஞ்சைத் திறந்தால் காற்று உள்ளே போய் நுரையீரல் சுருண்டுவிடும். நூற்றாண்டுக்கு முன் இதற்குப் பயந்தே யாரும் நெஞ்சைத் திறக்கவில்லை. 1904-ல் சவர்ப்ரூக் என்ற ஜெர்மன் சர்ஜன் ஓர் அறையைச் செய்தார். நோயாளியின் உடம்பும் சர்ஜனும் அழுத்தம் குறைந்த அறைக்குள்ளே. நோயாளியின் தலை மட்டும் சுவரிலுள்ள ஓட்டை வழியே வெளியே. மயக்கம் கொடுப்பவரும் வெளியே! எங்கள் இனத்துக்கும் சர்ஜன் இனத்துக்கும் நடுவில் அன்றைக்கே சுவர் எழுப்பிவிட்டார்கள். பிறகு மூச்சுக்குழாயில் ட்யூப் விட்டுக் காற்றை நாமே தள்ளலாம் என்று வந்தது. 1949-ல் ஸ்வீடனின் கார்லென்ஸ் இரண்டு வழியுள்ள ட்யூபைக் கொண்டுவந்தார். வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. இன்று பெரியப்பாவுக்கும் அந்த வம்சத்து ட்யூபைத்தான் வைப்பார்கள். இடது நுரையீரல் மட்டும் மூச்சு விடும், வலது சுருங்கி அசையாமல் கிடக்கும், சர்ஜன் வேலை செய்வார். ஒரு நுரையீரலில் ஒரு மனிதனை மூன்று மணி நேரம் வைத்திருப்பது என் வேலை. சொல்ல வேண்டுமே என்று சொல்கிறேன், அதற்கு யாரும் மாலை போடுவதில்லை.

சர்ஜனின் கை எங்கே சோதிக்கப்படுகிறது என்றால், நுரையீரலின் வேரில். அங்கே நுரையீரல் தமனி இருக்கிறது. இதயத்தின் வலது பக்கத்திலிருந்து நுரையீரலுக்கு வரும் ரத்தம் அதன் வழியாகத்தான் போகிறது. ஆனால் சுவர் மெலிசு, நனைந்த அப்பளம் மாதிரி. வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் அதைச் சுற்றிப் பிரிப்பது அழகான படமாக இருக்கும். நம் ஊர் நெஞ்சில் எப்போதோ வந்துபோன டிபி, அங்குள்ள நெறிக்கட்டிகளில் சுண்ணாம்பேற்றி, தமனியோடு ஒட்டவைத்துவிட்டுப் போயிருக்கும். கல்லை அப்பளத்திலிருந்து பிரிக்கிற வேலை. கேமரா வைத்துத் தொடங்கிய ஆபரேஷனைப் பாதியில் விட்டுப் பெரிதாகத் திறக்கவேண்டி வருவது பல சமயம் இதனால்தான். அப்படித் திறந்தால் சர்ஜனுக்குத் தோல்வி என்று நினைக்காதீர்கள். திறக்காமல் பிடிவாதம் பிடிப்பவரிடம்தான் எனக்குப் பயம்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன், எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம். ஆரணிப் பக்கத்து நெசவாளி ஒருவர். பழைய டிபி ஓட்டையில் பூஞ்சை உருண்டை, கிண்ணம் கிண்ணமாக ரத்தம் வாந்தி. மேல் மடலை எடுக்கிறார்கள். எம்.சிஎச். இரண்டாம் வருஷப் பையன் பிரித்துக்கொண்டிருந்தான், பேராசிரியர் எதிரில் நின்று உதவிக்கொண்டிருந்தார். நெறிக்கட்டியோடு சேர்ந்து தமனி கிழிந்தது. திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே எனக்குச் சத்தம் கேட்டது. பையன் கையை இழுக்கப்போனான். பேராசிரியர் அவன் விரலைப் பிடித்து அதே இடத்தில் அழுத்தினார். "விரலை எடுக்காதே. உன் விரல் இருக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்லை." அப்புறம் திரைக்கு மேல் என்னைப் பார்த்து, "உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?" என்றார். ரத்தம் வந்து சேர, ஏற்ற, அழுத்தம் நிமிர எனக்குப் பதினைந்து நிமிஷம் வேண்டியிருந்தது. பதினைந்து நிமிஷமும் யாரும் எதையும் செய்யவில்லை. ஒரு பையனின் ஆள்காட்டி விரல், அதன்மேல் ஒரு கிழவரின் கை. நான் தலையசைத்த பிறகுதான் இதயத்துக்குப் பக்கத்தில் தமனியைச் சுற்றிப் பிடித்து, கவ்வி போட்டு, விரலை எடுத்து, ஐந்து தையலில் மூடினார்கள். நெசவாளி எட்டாம் நாள் வீட்டுக்குப் போனார்.

பெரியம்மாவின் பயத்துக்குப் பதில் இந்தக் கதையிலேயே இருக்கிறது, இரண்டு பக்கமும். ஆமாம், படிக்கிற பையன் கை வைப்பான். போதனை மருத்துவமனையில் அதை மறைக்கிற டாக்டரை நம்பாதீர்கள். நெஞ்சைத் திறப்பதும் கடைசியில் மூடுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். நடுவில் எவ்வளவு என்பது பையனின் வருஷத்தையும் நோயின் கஷ்டத்தையும் பொறுத்தது. ஆனால் எதிரில் நிற்பவர் யார் என்பதுதான் முக்கியம். இதை நேராகவே கேட்கலாம்: "முக்கியமான கட்டத்தில் நீங்கள் உள்ளே இருப்பீர்களா ஐயா?" கேட்டதற்குக் கோபிப்பவர் இருந்தால் அதுவும் ஒரு பதில்தான். இன்னொன்றையும் பெரியம்மாவிடம் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் வைத்திருக்கும் குழாயின் பாட்டிலில் காற்றுக் குமிழி திடீரென்று அதிகமானால் ஓடிவருவது அந்தப் பையன்தான். பெரிய டாக்டர் ஒருவர் மட்டுமே உள்ள இடத்தில் அந்த நேரத்தில் ஓடிவர யாரும் இருக்கமாட்டார்கள்.

அந்த நெசவாளியின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. மாதக் கடைசியில் சிக்கலான கேஸ்களையும் இறப்புகளையும் வரிசையாக எடுத்துவைத்துப் பேசும் கூட்டம் நடக்கும். மாணவர், செவிலியர், மயக்கம், எக்ஸ்ரே, நோய்க்குறியியல் எல்லாரும் இருப்பார்கள். பையன் நடுங்கிக்கொண்டே கேஸைச் சொன்னான். முடித்ததும் பேராசிரியர் எழுந்து, "தமனியை முதலில் வேர்ப் பக்கம் பிடிக்காமல் நெறிக்கட்டியைத் தொடவிட்டது என் முடிவு. அடுத்த முறை வரிசையை மாற்றுகிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நோயாளி பிழைத்த கேஸ் அது. யாரும் கேட்கப் போவதில்லை. தனியாகத் தொழில் செய்யும் கெட்டிக்கார சர்ஜன்கள் எத்தனையோ பேர் உண்டு, ஆனால் தன் முடிவுக்கான காரணத்தை மாதாமாதம் பிறர் முன்னால் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பேராசிரியர் என்ற சொல்லில் எனக்கு மதிப்பு இருப்பது இதனால்.

ஆராய்ச்சி என்பதும் இதன் நீட்சிதான். நெஞ்சக அறுவையில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அமெரிக்கப் பேராசிரியரைத் தெரியாதவர் கிடையாது. 1933-ல் புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலை ஒரே தடவையில் எடுத்து, நோயாளியைப் பிழைக்கவைத்துக் காட்டியவர். நோயாளியும் ஒரு டாக்டர், பிரசவம் பார்ப்பவர். கிரஹாம் ஓயாமல் சிகரெட் பிடிப்பவர். வைண்டர் என்ற மாணவன் வந்து, சிகரெட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கவேண்டும் என்றபோது அவர் நம்பவில்லை. ஆனாலும் அனுமதித்தார். 684 நோயாளிகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1950-ல் வெளியிட்ட கட்டுரையில், தொடர்பு உண்டு என்று மாணவனோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவர் கிரஹாம். பிறகு சிகரெட்டை விட்டார், ஆனால் காலம் கடந்துவிட்டது. 1957-ல் நுரையீரல் புற்றுநோயிலேயே இறந்தார். அவர் நுரையீரலை எடுத்த அந்த டாக்டர் நோயாளி 1963 வரை இருந்தார்.

இப்போது நடப்பதற்கும் ஓர் உதாரணம், இது பெரியப்பாவுக்கு நெருங்கியது. சின்னக் கட்டியானாலும் மடலையே எடுக்கவேண்டும் என்று 1995-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. கால் நூற்றாண்டு உலகம் முழுக்க அதுதான் சட்டம். 2022-ல் ஜப்பானியர்கள் 1,106 பேரை இரண்டாகப் பிரித்து, இரண்டு சென்டிமீட்டர் வரையுள்ள கட்டிக்கு ஒரு துண்டத்தை மட்டும் எடுத்தாலும் போதும், ஐந்து வருஷத்தில் உயிரோடு இருப்பவர் குறையவில்லை, கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறார்கள் என்று காட்டினார்கள். அதே இடத்தில் நோய் திரும்புவது மட்டும் துண்டம் எடுத்தவர்களிடம் கூடுதல். பெரியப்பாவின் கட்டி இரண்டைத் தாண்டிவிட்டதால், புற்றுநோய்தான் என்றானால், மடல் என்றே சொல்வார்கள் என்பது என் ஊகம். முடிவு அவர்கள் கையில். ஆனால் எதற்காக மடல், எதற்காகத் துண்டம் இல்லை என்று கேட்டால், உங்களுக்குப் புரியும் மொழியில் மூன்று வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தவராக இருக்கவேண்டும்.

ஆஸ்பத்திரி இணையப் பக்கத்தில் சர்ஜனின் விவரம் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கட்டுரை எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். இருநூறு கட்டுரையில் பெயர் இருப்பவரும் உண்டு, தலைப்பைக்கூடப் படிக்காமல். எதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். நுரையீரல், சீழ் நெஞ்சு, மூச்சுக்குழாய், நடுமார்புக் கட்டி என்று போகிறதா, வால்வும் பைபாஸுமாகப் போகிறதா? விருதுப் பட்டியலை நான் படிப்பதே இல்லை. அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது விருதைவிட நல்ல அடையாளம். புற்றுநோய் மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், நுரையீரல் மருத்துவர் எல்லாரும் உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் கேஸை வைக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். வைத்தால், பெரியப்பாவுக்கு ஆபரேஷனே வேண்டாம் என்றுகூட முடிவு வரலாம். அப்படிச் சொல்லும் சர்ஜன் உங்களைத் தட்டிக்கழிப்பதாக நினைத்து, வெட்டத் தயாராக இருக்கும் வேறு ஒருவரைத் தேடி உடனே ஓடிவிடாதீர்கள்.

போகும் முன் செய்யவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீடியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன் நாலு வாரமாவது நுரையீரல் ஓய்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூன்று பந்து இருக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவி மருந்துக் கடையில் கிடைக்கும். உறிஞ்சித்தான் பந்தைத் தூக்கவேண்டும், எல்லாரும் முதலில் ஊதிப் பார்ப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப்போங்கள். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே, பழைய டிபி சீட்டு எதையும் விடாதீர்கள். நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு படத்தில் இதே உருண்டை இதே அளவில் இருந்தால், கதையே மாறிவிடும். இரண்டு வருஷத்துக்கு மேல் வளராத உருண்டை பெரும்பாலும் ஆபத்தில்லாததாகத்தான் இருக்கும். ஐயாயிரம் ரூபாய் ஸ்கேன் சொல்லாததை, மடங்கிப்போன அந்த ஒரு படம் சொல்லிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பெரியப்பாவுக்கு ஆட்டம் காணும் பல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்து பார்க்கும் மயக்க டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அந்த இரண்டு வழி ட்யூப் தடிமனானது, நாங்கள் அதை வாய்வழியாகத்தான் இறக்கியாக வேண்டும்.